யனகாவுக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள்

டோக்கியோவின் பழைய பேட்டையான யனகாவுக்கு முதல் தடவை போனது ஒரு திங்கட்கிழமை. ஆசகுரா சிற்பக்கூடத்துக்குத் திங்களும் வியாழனும் விடுமுறை என்பது அதன் வாசல் பலகையைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கடைத்தெருவிலும் பல கடைகள் ஷட்டரை இறக்கியிருந்தன. மனைவி உவெனோவில் விடுதி அறையில் விமானக் களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். "நீ தூங்கு, நான் போய் இடம் பார்த்து வைக்கிறேன்" என்று பெருமையாகக் கிளம்பி வந்திருந்தேன்.

திறந்திருந்தது கல்லறைத் தோட்டம்தான். நிப்போரி நிலையத்தை விட்டு வெளியே வந்து படியேறினாலே வந்துவிடுகிறது. ஏப்ரல் கடைசி என்பதால் நடுச்சாலையின் செர்ரி மரங்களில் பூவெல்லாம் முடிந்து, பச்சை இலை அடர்ந்திருந்தது. ஒரு பாட்டி சைக்கிள் கூடையில் வெங்காயத்தாள் தலைநீட்ட, கல்லறைகளுக்கு நடுவே நிதானமாக மிதித்துக்கொண்டு போனார். நம் ஊரில் அந்தப் பக்கமே போகாதே என்பார்கள்; இங்கே அது சந்தைக்குக் குறுக்குவழி.

ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்களில் கடைசியானவர், ஷோகுன் தொகுகவா யோஷினோபு, இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கம்பிவேலிக்குப் பின்னால் வட்டமான கல்மேடு, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் தள்ளி, ஒரு போலீஸ் சாவடியின் பக்கத்தில் வெறும் அடிக்கற்கள் வரிசையாகக் கிடக்கின்றன. 1791இல் கட்டப்பட்ட ஐந்தடுக்குப் பகோடா (புத்தக் கோயில் கோபுரம்) நின்ற இடம். 34 மீட்டர் உயரம். 1923 நிலநடுக்கத்துக்குத் தப்பியது, 1945 குண்டுவீச்சுக்கும் தப்பியது. கடைசியில் 1957இல் சேர்ந்து உயிரை மாய்த்துக்கொள்ள வந்த ஒரு காதல் ஜோடி வைத்த தீயில் எரிந்துபோனது. அந்தக் கற்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பகோடா போனாலும் ஊர் பிழைத்தது. மற்ற டோக்கியோவைச் சுருட்டிப்போட்ட அந்த இரண்டு அழிவுகளும் யனகாவின் பெரும்பகுதியைத் தொடவில்லை. 1657இல் எடோ நகரமே (டோக்கியோவின் பழைய பெயர்) எரிந்த பெருந்தீக்குப் பிறகு பல கோயில்களை இந்த மேட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். சந்துக்குச் சந்து கோயில் மதில் வருவது அதனால்தான். யனகா, நெசு, செந்தாகி என்ற மூன்று பக்கத்துப் பேட்டைகளையும் சேர்த்து 'யனெசென்' என்கிறார்கள். இந்தப் பகுதிப் பெண்கள் சிலர் 1984இல் தொடங்கிய ஒரு சிற்றிதழின் பெயர் அது. ஊர் பெயராகவே நிலைத்துவிட்டது.

சனிக்கிழமை இருவருமாக வந்தோம். டோக்கியோவில் நம்மவர்கள் கூட்டமாக இருக்கும் நிஷிகசாயில் என் கல்லூரி நண்பன் குடியிருக்கிறான். திங்கட்கிழமைக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு அவன் சொன்ன வழி இதுதான்: "நிப்போரி மேற்கு வாசல் வழியா வெளிய வாடா, நேரா நட. மத்ததைக் கால் பாத்துக்கும்."

பூட்டிக்கிடந்த சிற்பக்கூடத்தில் முதலில் நுழைந்தோம். ஆசகுரா ஃபூமியோ என்ற சிற்பி தானே வரைந்து கட்டி 1935இல் முடித்த வீடு. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வெறுங்கால் கூடாது, காலுறை வேண்டும். (என் இடது காலுறையில் கட்டைவிரல் எட்டிப்பார்த்தது. ஜப்பான் போகிறவர்கள் பெட்டி கட்டும்போது முதலில் காலுறையைச் சோதியுங்கள்.) ஒரு பக்கம் கறுப்பு கான்கிரீட், இன்னொரு பக்கம் மரவீடு, இரண்டுக்கும் நடுவே நம் வீட்டு முற்றம் மாதிரி, ஆனால் முற்றம் முழுக்கத் தண்ணீரும் பாறையும். மொட்டை மாடியில் தோட்டம். மாணவர்களைக் காய்கறி பயிரிட வைத்தே சிற்பம் கற்றுக்கொடுத்திருக்கிறார். பூனைப் பிரியர் வேறு. ஓர் அறை முழுக்க வெண்கலப் பூனைகள்.

அங்கிருந்து இறங்கினால் 'யூயாகே தந்தான்', அதாவது அந்திச் செவ்வானப் படிகள். 36 படி. கீழே யனகா கின்சா கடைத்தெரு. மொத்தம் 170 மீட்டர்தான்; அதற்குள் அறுபது கடை போல அடைத்துக்கொண்டு நிற்கின்றன. கூரைமேல் மரப்பூனைகள் உட்கார்ந்திருக்கின்றன. நிஜப் பூனை எங்கள் கண்ணில் ஒன்றுதான் பட்டது. உண்மையைச் சொன்னால் சனிக்கிழமை மதியம் இந்தத் தெருவில் அமைதி கிடையாது, எங்களைப் போன்றவர்கள் கூட்டம்தான். ஆனாலும் கடைகளைப் பாருங்கள். ஒருவர் தேயிலை மட்டும் விற்கிறார். ஒருவர் கூடையும் துடைப்பமும். ஒருவர் இறைச்சி. பக்கத்துக் கடைக்காரர் விற்பதை இவர் தொடுவதில்லை. எல்லாவற்றையும் ஒரே கடையில் அள்ளிப்போடும் வழக்கத்துக்குப் பழகிப்போன எனக்கு இந்தப் பிடிவாதம் ரொம்பப் பிடித்திருந்தது.

இறைச்சிக் கடையில் மென்ச்சி காட்சு பொரித்துத் தருகிறார்கள். கொத்துக்கறியும் வெங்காயமும் பிசைந்து, ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் போட்ட வடை. கடித்ததும் சாறு கையில் வழிந்தது. நடந்துகொண்டே சாப்பிடுவது இங்கே மரியாதையில்லை. கடை வாசலிலேயே நின்று தின்றுவிட்டு, காகிதத்தை அங்கேயே கொடுத்துவிட்டு நகர வேண்டும். தெருவில் குப்பைத் தொட்டியும் இல்லை.

மனைவிக்கு அது ஆகாது. அவள் சைவ வீட்டுப் பெண். முட்டை வரைக்கும் இறங்கி வந்திருக்கிறாள், மீன் கிடையாது. ஜப்பானில் மீனைத் தவிர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த வாரத்தில்தான் புரிந்தது. கறியில்லாத நூடுல்ஸ், டோஃபு, வேகவைத்த கீரை என்று எதைத் தொட்டாலும் 'தாஷி' என்ற சாறு அதற்குள் இருக்கிறது. அது எதில் இறங்குகிறது என்பதைக் கடைத்தெருவை ஒட்டிய உலர்பொருள் கடை ஒன்றில் பார்த்தேன். மரக்கட்டை போல விறைத்த பழுப்பு நிறத் துண்டு. முகர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்கு மேலே தகர டப்பாவில் இருக்கும் அதே வாசனை. மாசி!

தூத்துக்குடிக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சூரை மீனை அவித்து, புகைபோட்டு, கல்லாகும்வரை காயவைப்பது. மாலத்தீவிலும் இலங்கையிலும் நம் கடற்கரையிலும் அது மாசி, இங்கே காட்சுவோபுஷி. இவர்கள் அதில் பூஞ்சணம் ஏற விட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி ஏற விட்டு என்று இன்னும் கொஞ்சம் மெனக்கெடுகிறார்கள். இழைப்புளி பொருத்திய பெட்டியில் தேய்த்தால் மரச்சீவல் மாதிரி சுருள் சுருளாக விழுகிறது. சீவல் ஒரு பொட்டலம் வாங்கினேன். மனைவி நாலடி தள்ளியே நடந்து வந்தாள்.

அவளுக்கு அன்று சோறுபோட்டவை வேறு. செந்தாகியில் 1875இலிருந்து நடக்கும் ஒரு சென்பே கடை, கிகுமி. அரிசி மாவு அப்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோயா சாறு தடவிச் சுட்டது, வட்டமாக இல்லாமல் சதுரமாக இருக்கும். எதிர்ச்சரிவில் இசேதாட்சு, 1864இல் தொடங்கிய காகிதக் கடை. மர அச்சில் வண்ணம் வண்ணமாக அடித்த சியோகாமித் தாள்களை அவள் ஒவ்வொன்றாகப் புரட்ட, அரைமணி நேரம் போனது. அவற்றில் எழுத மனசு வராது என்று சொல்லிக்கொண்டே இரண்டு குறிப்பேடு வாங்கினாள்.

அப்புறம் பாம்புச் சந்து. பேரே அதுதான், ஹெபிமிச்சி. ஐசோமே என்ற சிற்றாற்றை மூடி அதன்மேல் போட்ட தெரு என்பதால் ஆறு வளைந்தபடியெல்லாம் வளைகிறது. ஒரு பக்க வீடுகள் தைத்தோ வட்டாரம், எதிர்ப்பக்கம் புங்க்யோ வட்டாரம். கடைத்தெருவில் காணாத அமைதி இங்கே இருந்தது. வாசலில் பூந்தொட்டி, காயும் துணி, எங்கோ ஒரு வீட்டில் மீன் வறுக்கும் ஓசை. ஒருவர் தண்ணீர் தெளித்துத் தன் வாசலைக் கூட்டிவிட்டு, அடுத்த வீட்டு வாசலிலும் ஒரு முழம் கூட்டினார்.

நெசு கோயிலில் அசேலியா பூத்திருந்தது. மலைச்சரிவே சிவப்பும் வெள்ளையுமாக. 1706இன் கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. அதைவிட எனக்கு நினைவில் நிற்பது பக்கத்துத் தையாகிக் கடை. மீன் வடிவ இரும்பு அச்சில் மாவூற்றி, உள்ளே இனிப்புப் பயறு வைத்துச் சுடுகிறார்கள். மீன் என்றதும் முகம் சுளித்தவள், பிட்டுப் பார்த்துவிட்டு, "இது சுசியம்ங்க, பூரணம்தான் கொஞ்சம் வேற" என்றாள். அந்த அசுகிப் பயறு உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் ஒன்றுவிட்ட தம்பிதான். ஜப்பானில் அவள் மனசாரச் சாப்பிட்ட ஒரே மீன்.

மேடேறி வந்தால் கயாபா காபிக்கடை. 1916இல் கட்டிய மரவீட்டில் 1938இல் தொடங்கியது. 2006இல் மூடியதை ஊர்க்காரர்கள் விடாமல் 2009இல் திரும்பத் திறக்க வைத்திருக்கிறார்கள். முட்டை சாண்ட்விச் அவளுக்கு. காபியும் கோகோவும் பாதிப்பாதி கலந்த 'ருஷியன்' எனக்கு. மாடியில் பாயில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டோம். கொஞ்ச தூரத்தில் மூன்று தெரு கூடுமிடத்தில் ஒரு தேவதாரு, நிஜமான இமயமலைத் தேவதாரு. மிகாடோ என்ற சின்ன ரொட்டிக் கடையில் தொட்டியில் வளர்த்த செடியாம். இப்போது கடைதான் மரத்துக்குள் ஒண்டியிருக்கிறது.

ஊருக்கு வந்ததும் பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்தேன். பிரித்ததுமே மின்விசிறிக் காற்றில் நாலு சீவல் பறந்தது. ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிப் பார்த்தாள்.

"மாசிதான்டா. ஆனா இவ்ளோ மெல்லிசா சீவிட்டா உரல்ல எதைப் போட்டு இடிக்க?"