திரை முழுக்க லட்சுமிகள்

எங்கள் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் லட்சுமி என்று தேடினால் ஒரு பட்டாளமே வந்து நிற்கும். எஸ்.லட்சுமி, லட்சுமி எஸ், லக்ஷ்மி சுப்பிரமணியன் மூன்றும் ஒரே அம்மாவாகவும் இருக்கலாம், மூன்று பேராகவும் இருக்கலாம். நம் ஊரில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான், அதுவும் கல்யாணத்துக்கு அப்புறம் அப்பாவிலிருந்து கணவருக்கு மாறிவிடும். பிறந்த தேதி கேட்டால் "ஆடி மாசம்" என்பார்கள், பதிவு செய்பவர் ஜனவரி 1 போட்டுவிடுவார். போன் நம்பரோ வீட்டுக்கே ஒன்று.

ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று தரும் சர்வதேச அமைப்பான ஜேசிஐயின் தரவிதிகளில் முதல் பாதுகாப்பு இலக்கே நோயாளியைச் சரியாக அடையாளம் காண்பதுதான்: குறைந்தது இரண்டு அடையாளங்கள் வேண்டும், அறை எண் அதில் சேராது. வார்டில் நாம் பேசுவது என்னவோ "நாலாம் பெட்" பாஷைதான்!

"நீங்க லட்சுமிதானே?" என்று கேட்கவே கூடாது. காது மந்தமான பாட்டி எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேர் சொல்லுங்கம்மா" என்று கேட்டு, கைப்பட்டையைப் பார்த்து, ரத்தம் எடுத்த கையோடு படுக்கை பக்கத்திலேயே டியூபில் லேபிள் ஒட்ட வேண்டும். நர்ஸ் மேஜைக்குக் கொண்டுபோய் மொத்தமாக ஒட்டுவதுதான் ஆபத்து, டியூப் ஆள் மாறி, ரத்த வகையே தப்பாகப் பதிவாகிவிடும்.

சாஃப்ட்வேரில் நோயாளியின் போட்டோ கட்டாயம் வேண்டும். அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கான ஆபாவின் 14 இலக்க எண் இருந்தால் நல்லது, எல்லோரிடமும் இருக்காது. ஒருவருக்கே இரண்டு பதிவு இருப்பது தொல்லைதான், ஆனால் இரண்டு பேரின் பதிவைத் தவறாக இணைத்தால் ஒருவரின் பெனிசிலின் அலர்ஜி இன்னொருவர் கணக்கில் போய் உட்காரும். அதனால் பதிவுகளை இணைக்கும் மெர்ஜ் பட்டன் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் ஆட்களிடம் மட்டும் இருக்கட்டும்.