வாய் முந்திக்குற வயசு

ஓசூர் பக்கம் ஸ்பீச் தெரபிஸ்ட்டா இருக்கேன், தளி, தேன்கனிக்கோட்டைல இருந்தெல்லாம் வருவாங்க, வீட்ல தெலுங்கோ கன்னடமோ, அங்கன்வாடி போனா தமிழ். "பேச்சு லேட்டு மேடம்"னு ஆரம்பிச்சு அடுத்த மூச்சுலயே "சொன்ன பேச்சும் கேக்க மாட்டான்"னு சேத்துக்குவாங்க. அந்த ரெண்டாவது புகாருதான் எனக்கு முக்கியம் (காது டெஸ்ட் முடிஞ்ச அப்பறம்தான், அது இல்லாம மேல பேசவே மாட்டேன்).

சூரியன் படம் காட்டுனா "ராத்திரி", நிலா காட்டுனா "பகல்"னு மாத்தி சொல்லணும், இப்டி ஒரு விளையாட்டு இருக்கு, 1994ல அடீல் டயமண்ட்னு புள்ளைங்க மூளை வளர்ச்சிய ஆராயுறவங்க குழு வெளியிட்டது. நாலு வயசு புள்ளைக்கு ரூல் தெரியும், கேட்டா சொல்லும், ஆனா சூரியன பாத்ததும் "பகல்"னு வாய் முந்திக்கும். முதல்ல வர்றத புடிச்சு நிறுத்துறது நெத்திக்குப் பின்னாடி இருக்குற மூளையோட வேலை, அது முழுசா முதிர இருபது வயசு தாண்டும், நாமளோ எல்கேஜிலயே "அடம்"னு பேர் வெச்சிடுறோம்.

2002ல டயமண்ட் குழுவே இன்னொன்னு பாத்தாங்க, படம் காட்டிட்டு புள்ள பதில் சொல்றதுக்கு முன்னாடி பெரியவங்க குட்டியா ஒரு பாட்டு பாடுனா, நாலு வயசுங்க நல்லாவே சரியா சொல்லுதுங்க. கிடைச்சது கொஞ்சம் டைம், அவ்ளோதான். எங்க ஊர் புள்ளைக்கு இது ரொம்பவே தேவை, நாய் படம் பாத்தா தெலுங்கு வீட்டுப் புள்ளைக்கு "குக்க"தான் முன்னாடி வந்து நிக்கும், அத தள்ளிட்டு "நாய்" எடுக்கறதுக்குள்ள பக்கத்துல உக்காந்திருக்குறவங்க "நாய் சொல்லு, நாய் சொல்லு"ன்னு குதிச்சிடுவாங்க.

புரிஞ்சிக்கறதுலயும் இதே கதைதான். கொரியன்ல நம்ம மாதிரியே வினைச்சொல் கடைசிலதான் வரும், 4-5 வயசு கொரியப் புள்ளைங்க முதல்ல ஒரு மாதிரி புரிஞ்சிக்கிட்டத கடைசில வர்ற வினைய கேட்டு மாத்திக்க திணறுச்சுங்கன்னு 2010ல சோய், ட்ரூஸ்வெல்னு ரெண்டு ஆய்வாளருங்க எழுதிருக்காங்க. அதனால நான் நீள வாக்கியமே பேசுறதில்ல, "ஓடாத"ன்னா "ஓடு"தான் முதல்ல காதுல விழும், அதனால அந்த எடத்துல "நில்லு"தான்.

போன மாசம் ஒரு அப்பா, "அப்ப வீட்ல தெலுங்க நிறுத்திடவா மேடம்?"னு கேட்டாரு. வேணவே வேணாம் சார்னேன். ரெண்டு பாஷை பேசுனா மூளை சூப்பராயிடும்னு வாட்ஸப்ல சுத்துறதயும் நம்பாதீங்க, அதுல ஆய்வாளருங்களே ஒத்துப்போகல, ஆனா பாஷையால பேச்சு கெடாது, கேள்வி கேட்டா மனசுக்குள்ள அஞ்சு எண்ணிட்டு காத்திருங்க போதும்னு சொன்னேன்.

"நான் எண்ணிடுவேன் மேடம், அதுக்குள்ள புள்ளையோட அவ்வா (பாட்டி) பதில் சொல்லிடுமே"ன்னாரு. அடுத்த வாட்டி அவ்வாவயும் கூட்டிட்டு வரச் சொல்லிருக்கேன்.