விலாவோரத்து இரண்டு சிலிண்டர்கள்

மெக்சிகோவின் துலும் அருகே, செனோட்டே எனப்படும் சுண்ணாம்புப்பாறைக் கிணறுகளில், ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற ஸ்கூபா முக்குளிப்பாளர்களுக்கு சைடுமவுண்ட், அதாவது சிலிண்டர்களை உடலின் இருபுறமும் மாட்டி முக்குளிக்கும் முறையைக் கற்பிக்கும்போது, முதல் நாள் முழுவதையும் கரையிலேயே செலவிடுகிறேன். முதுகில் ஒரே சிலிண்டரைச் சுமந்து பழகியவர்களுக்கு, விலாவை ஒட்டித் தொங்கும் இரண்டும் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை என்பது எளிதில் மனத்தில் பதிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் குழாய் வழியே வாய்க்குக் காற்றைத் தரும் தனி ரெகுலேட்டரும் தனி அழுத்தமானியும் உண்டு. ஆகவே ஒன்றின் அழுத்தம் 30 முதல் 40 பார் (அழுத்த அலகு) அளவுக்குக் குறைந்ததும் அடுத்ததற்கு மாறிச் சுவாசித்து, இரண்டிலும் காற்றை ஏறக்குறையச் சமமாக வைத்திருக்க வேண்டும். தவறினால், ஒன்று பழுதாகும் வேளையில் திரும்பி வருவதற்கான காற்று மற்றதில் இராது.

வெளிச்சம் விழும் திறந்த நீரில், 6 மீட்டர் ஆழத்தில், கூட்டாளிக்குக் காற்றளிக்கும் பயிற்சியின்போது ஒரு மாணவி, தோள் வளையத்தில் கொக்கியால் மாட்டியிருந்த, ஒரு ரெகுலேட்டரின் நீளக் குழாயை மறந்து, தாம் சுவாசித்துக்கொண்டிருந்த மற்றதன் குட்டைக் குழாயை நீட்டினார். அது கூட்டாளியின் வாய்க்கு எட்டவில்லை. அன்று மாலை வரை, கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கொக்கியை விடுவிப்பதையே இருபது முறைக்கு மேல் செய்யவைத்தேன். இந்தப் பயிற்சியை அவசரமாக முடித்துச் சான்றிதழ் வழங்குவதை என்னால் ஏற்கவே முடியாது.

அலுமினியச் சிலிண்டர் காலியாகக் காலியாக அதன் அடிப்பகுதி மேலெழும் என்பதால், அதன் பின்கொக்கியை இடுப்பின் முன்வளையத்துக்கு நகர்த்தும் பயிற்சியை மறுநாள் காலை தொடங்கினோம்.