கலிஷ் தொடங்கி கிராக்கோ வரை

பழைய மாணவர் மலருக்கு எழுதச் சொன்னால் எல்லாரும் அதிபரின் பிரம்பைப் பற்றித்தான் எழுதுவார்கள். நான் எங்கள் வகுப்பு இன்னும் முடிக்காத ஒரு சண்டையைப் பற்றி எழுதுகிறேன்.

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், நிலக்கீழ் வீடொன்றில் வகுப்புத் தோழர்கள் கூட்டாக இருந்தோம். அப்போது ஒருவன் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிவந்தான். 'ட்வைலைட்: 2000' என்ற விளையாட்டு, அமெரிக்காவின் ஜிடிடபிள்யூ நிறுவனம் 1984இல் வெளியிட்டது. ஆளுக்கொரு பாத்திரம், நடுவே கதை நடத்த ஒருவர். கதைப்படி மூன்றாம் உலகப் போர் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. 2000 யூலையில் போலந்தின் கலிஷ் நகரருகே அமெரிக்க 5ஆவது காலாட்படைப் பிரிவு சிதறிப்போகிறது. இனி உங்கள் பாடு என்று மேலிடம் கைவிட்ட சிப்பாய்கள்தான் நாங்கள்.

மற்றவர்கள் துவக்குப் பட்டியலில் மூழ்கினார்கள். எனக்குப் பிடித்தது எரிபொருள் கணக்கு. பெற்றோல் இல்லை, வண்டியோடு ஒரு வடிகலத்தையும் கொண்டுபோக வேண்டும். வழியில் நின்று, இலைதழையைப் புளிக்கவைத்து, மதுசாரம் வடித்து ஊற்றினால்தான் அடுத்த ஊர். தானியம் கிடைத்தால் தின்பதா வடிப்பதா என்று இன்னொரு வாக்குவாதம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் படித்த எங்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. கணித சேர் மோட்டார் சைக்கிளின் காபரேற்றருக்குள் சிரிஞ்சால் சில சொட்டுப் பெற்றோல் விட்டு உதைப்பார். எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓடும். புகை வாசலைத் தாண்டி வரும்போதே கொப்பிகளை எடுத்துவிடுவோம். எங்களோடு ஆடவந்த கனடியப் பையன் மட்டும், "சண்டை எப்போது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

களங்களில் எனக்குக் கிராக்கோதான் முதலிடம். எந்தப் பக்கமும் சேராத சுதந்திர நகரம், அதனால் உளவாளிகளுக்கும் வியாபாரிகளுக்கும் கொண்டாட்டம். அங்கிருந்து விஸ்துலா ஆற்றில் படகேறி வார்சோவின் இடிபாடுகளுக்குப் போகலாம். பிறகு வந்த கதைத் தொகுப்பில் பிரேமர்ஹாவன் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் உண்டு. வீடு போய்ச் சேர்வது நல்லதுதான், ஆனால் ஆட்டம் அதோடு சுவை குறைந்துவிடும்.

இனிச் சண்டைக்கு வருகிறேன். எது மூலக்கதை? முதல் பதிப்பில் 1996இல் மேற்கு ஜேர்மன் படை கிழக்கு ஜேர்மனிக்குள் நுழைகிறது. நிஜத்தில் 1989இலேயே பேர்லின் சுவர் விழுந்துவிட, 1990இன் இரண்டாம் பதிப்பில் வரலாற்றை மாற்றி எழுதினார்கள். இப்போது இலண்டனில் இருக்கும் எங்கள் விவாத அணித் தலைவன் அதை ஒப்புக்கொள்வதே இல்லை: "நடக்காத போருக்கு என்ன திருத்தம், மச்சான்?" நானும் அவன் கட்சி. ஒஸ்லோக்காரன் 2021 பதிப்பைத் தூக்கிப்பிடிக்கிறான். அதில் சுவீடனும் ஒரு களம். பனியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று ரொறன்ரோக்காரரிடமே கேட்கிறான்!

1988இல் வந்த 'ஹவ்லிங் வில்டர்னஸ்' என்ற துணைநூல் இன்னொரு வில்லங்கம். குடிசார் அரசு, இராணுவ அரசு என்று ஏற்கெனவே இரண்டாய்ப் பிளந்து கிடக்கும் அமெரிக்காவின் தலையில் கடும் வறட்சியையும் இறக்குகிறது. ஆடுபவர்கள் என்ன செய்தாலும் பலனில்லை என்றால் எதற்கு ஆடுவது? எங்கள் மேசையில் அது செல்லாது. அதே உலகின் தொடர்ச்சியான 2300 விளையாட்டில் பிரான்சுதான் முதல் வல்லரசு. அதைப் பாரிஸ் தோழன் மட்டும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டான்.

சனிக்கிழமைகளில் இணையவழி ஆடுகிறோம். ஓர் இடம் காலியாக இருக்கிறது. சேர விரும்பும் பழைய மாணவர்கள் வரலாம், 1984 பதிப்பை ஏற்பவராக இருந்தால் இன்னும் நல்லது.