சப்பாத் நாளில் கைப்பேசியை எடுத்தவர்

இஸ்ரேலில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு வருகிறவர்கள், மருந்து, சக்கர நாற்காலி, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு யூதர்களின் ஓய்வுநாளான சப்பாத்தின் ஒழுங்கையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்த நான், அஷ்தோத் நகரில் பார்த்துக்கொள்ளும் பாட்டியை அவருடைய பேரப்பிள்ளைகளைப் போலவே ‘சவ்தா’ என்றுதான் அழைக்கிறேன். வெள்ளிக்கிழமை சூரியன் மறைய 18 நிமிடங்கள் இருக்கும்போது அவர் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டால், மறுநாள் இருட்டி நட்சத்திரங்கள் தெரியும்வரை அந்த வீட்டார் விளக்குச் சுவிட்சைத் தொடமாட்டார்கள், அடுப்பு மூட்டமாட்டார்கள், கைப்பேசியும் எடுக்கமாட்டார்கள்.

நான் யூதர் அல்லாததால், நோயாளிக்கு வேண்டியதை என்னிடம் செய்யச் சொல்ல அவர்களுடைய மதச்சட்டம் இடம் தருகிறது. ஏசி போடுவதும் அணைப்பதும் அப்படித்தான் என் வேலையாயின. ஆனால் ஒரு சப்பாத் மதியம் சவ்தாவுக்கு நெஞ்சை அடைத்து, நெற்றியெல்லாம் வியர்த்துக் கொட்டியபோது, மத ஒழுக்கத்தில் அணுவளவும் பிசகாத அவருடைய மகன், பக்கத்திலேயே நின்ற என்னிடம் சொல்லாமல், தாமே அலமாரியைத் திறந்து கைப்பேசியை எடுத்து, இங்கே ஆம்புலன்ஸ் எண்ணான 101-ஐ அழைத்தார். ஆம்புலன்ஸிலும் அவரே ஏறிக்கொண்டார். சவ்தா தேறி வீட்டுக்கு வந்த பிறகு, காரணம் கேட்டேன். உயிருக்கு ஆபத்து என்றால் சப்பாத் விலகி நிற்க வேண்டும் என்றும், அந்த வேலையைப் பிற மதத்தார் தலையில் கட்டாமல் தங்களில் பெரியவர்களும் அறிஞர்களுமே முன்வந்து செய்ய வேண்டும் என்றும் 12-ஆம் நூற்றாண்டில் யூத மத அறிஞர் மைமோனிடிஸ் எழுதிவைத்திருக்கிறார் என்றார். இந்த நாட்டில் நான் கற்றவற்றுள் இதைத்தான் பெரிதாக மதிக்கிறேன்.

2023 அக்டோபர் 7, சப்பாத்தும் சிம்ஹத் தோரா பண்டிகையும் சேர்ந்து வந்த நாள். காலை ஆறரை மணியளவில் ராக்கெட் எச்சரிக்கை சைரன் ஒலித்தது. அஷ்தோத்தில் அதன்பின் ஒளிந்துகொள்ள இருப்பது 45 வினாடிகள். அதற்குள் சவ்தாவைத் தூக்கி உட்காரவைத்து, ‘மமாத்’ என்கிற கான்கிரீட் அறைக்குள் தள்ளிப்போய்க் கனத்த இரும்புக் கதவை இழுத்துச் சாத்த வேண்டும். காஸாவிலிருந்து ஹமாஸ் இயக்கம் நடத்திய தாக்குதலில் அன்று கொல்லப்பட்டவர்களில் எங்களைப் போலவே பிழைக்க வந்த தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களும் இருந்தார்கள். போர்க்காலத்தில், சப்பாத் முழுவதும் மௌனமாக இருந்து, எச்சரிக்கை வந்தால் மட்டும் ஒலிக்கும் வானொலி அலைவரிசை ஒன்றை வெள்ளி மாலையே போட்டுவைத்துவிடுவோம்.

போர் நீண்டபோது வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் வாக்குவாதமும் நீண்டது. பேத்தி, சப்பாத் முடிந்ததும், அன்று ஹமாஸ் பிடித்துச்சென்ற பணயக்கைதிகளின் விடுதலைக்கான கூட்டத்துக்குப் போகிறவள். பேரன், ரிசர்வ் படையில் அழைக்கப்பட்டவன். ஓர் உயிரைக் காப்பவர் உலகம் முழுவதையும் காத்தவராவார் என்ற, யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் வாசகத்தையே இருவரும் தத்தம் பக்கத்துக்கு எடுத்துக்காட்டினார்கள். “நீயும் இந்த வீட்டில்தானே இருக்கிறாய், சொல்” என்று சவ்தா ஒருநாள் என்னைக் கேட்டார். காஸாவிலும் சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி இருப்பார், அவரைத் தள்ளிக்கொண்டு போக அங்கே ஓர் அறை இல்லை என்றேன். ஹமாஸுக்குச் சுரங்கம் இருக்கிறதே, அதில் அந்தப் பாட்டிக்கு ஏன் இடமில்லை என்று பேரன் கோபப்பட்டான். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அது அந்தப் பாட்டியைக் காப்பாற்றாது.

2025 அக்டோபர் 13 அன்று, உயிரோடிருந்த கடைசிப் பணயக்கைதிகள் திரும்பியபோது பேத்தியும் பேரனும் ஒன்றாக அழுதார்கள். காஸாவைப் பற்றிய வாக்குவாதம் மட்டும் அந்த மேசையில் ஓயவில்லை. ஓயக்கூடாது என்றே நானும் நினைக்கிறேன்.