நீலம் போன துணி

"இது என்னம்மா, பாட்டுப் புத்தகமா?" என்று கேட்டார் ராமநாதபுரம் ஜெராக்ஸ் கடைக்காரர்.

"ஸீன் அண்ணே" என்றேன். ஆதார் நகல் எடுக்க நின்றிருந்த பையன் சிரித்துவிட்டான். தப்பு அவன் மேல் இல்லை. நம்மூரில் ஸீன் என்றால் போடுவதுதானே! நான் சொன்ன ஸீன் (zine), சொந்தக் காசில் கையால் செய்யும் குட்டிப் புத்தகம்.

ஒரு ஏ4 தாளை மூன்று தடவை மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டி, திருப்பி மடித்தால் எட்டுப் பக்கத்தில் உள்ளங்கை அளவு புத்தகம் வந்துவிடும். ஊசி, நூல், பசை எதுவும் வேண்டாம். பதிப்பாளர் கண்டிப்பாக வேண்டாம். என்னுடையதன் பெயர் 'பாசி'. நாற்பது பிரதி, விலை 30 ரூபாய். உள்ளே கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். மேலே ஒரு நீல உறை. அந்த நாற்பது உறையும் எங்கள் மொட்டை மாடியில் வெயிலில் அச்சானவை.

கும்பகோணத்தில் ஓவியம் படித்தேன். கடைசி வருடம்தான் அச்சுக்கலையில் பைத்தியம் பிடித்தது. படிப்பு முடிந்து ஊருக்கு வந்தால் இங்கே அச்சு இயந்திரமும் இல்லை, வாங்கக் காசும் இல்லை. இருந்தது வெயில்தான். அதற்கு ராமநாதபுரத்தில் என்றைக்குமே பஞ்சம் கிடையாது.

வெயிலில் நீலமாக அச்சாகும் இந்த முறைக்குப் பெயர் சயனோடைப். பழைய முறை, 1842இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்தது. கட்டட வேலையில் ப்ளூ பிரிண்ட் என்கிறோமே, அதற்குத் தாய். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு இரண்டையும் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்துச் சம அளவில் கலந்து, இருட்டறையில் தாளில் பூசிக் காயவைக்க வேண்டும். (பெயரில் சயனைடு இருப்பதால் அம்மா அந்தப் புட்டியைச் சமையலறைப் பக்கமே விடுவதில்லை. அந்தச் சயனைடு இரும்போடு இறுகக் கட்டுண்டு கிடக்கிறது, சூடாக்காமல், கடும் அமிலத்தில் கலக்காமல் இருந்தால் போதும் என்று எத்தனை தடவை சொல்வது.) காய்ந்த தாளின் மேல் கடல்பாசியை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் வைத்தால் ஆயிற்று. எங்கள் உச்சி வெயிலுக்கு ஏழெட்டு நிமிடம் போதும். அப்புறம் தண்ணீரில் அலசினால், வெயில் பட்ட இடம் நீலமாகும், பாசி மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும்.

நிற்க வேண்டும். என் முதல் பன்னிரண்டு தாள்கள் நிற்கவில்லை. அலச அலச நீலம் வெளுத்துக்கொண்டே போய், கடைசியில் பழைய துணிக்குப் போட்ட சொட்டு நீலம் மாதிரி ஆகிவிட்டது. ரசாயனம் போலி என்று விற்றவரைத் திட்டினேன். தாள் மட்டம் என்று அதையும் திட்டினேன். குற்றவாளி எங்கள் வீட்டு போர் தண்ணீர். இந்த நீலத்துக்குக் காரம் ஆகாது, எங்கள் தண்ணீரோ சோப்பு நுரைக்காத தண்ணீர். அலசும் வாளியில் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தேன், நீலம் அப்படியே நின்றது. கல்லூரியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. அங்கே வந்தது நல்ல தண்ணீர் போலிருக்கிறது.

கடல்பாசியை இப்படி அச்சிட்ட முதல் ஆள் நான் இல்லை. இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி, ஹெர்ஷல் இந்த முறையை வெளியிட்ட மறுவருடமே, 1843இல் தொடங்கிவிட்டார். பத்து வருடம், பகுதி பகுதியாக, தானே அச்சிட்டு நண்பர்களுக்கும் அறிஞர்களுக்கும் அனுப்பினார். எழுத்துகூட அவர் கையெழுத்துதான், அதுவும் நீலத்தில். ஒளிப்படங்கள் கொண்ட முதல் புத்தகம் என்று வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. என்னைக் கேட்டால் அது ஸீன். கையால் செய்தது, சொந்தக் காசில் செய்தது, கொஞ்சம் பேருக்கு மட்டும் போனது. ஏ.ஏ. என்று கையெழுத்திட்டிருந்ததைப் பார்த்து, 'அனானிமஸ் அமெச்சூர்', அதாவது பெயர் தெரியாத அமெச்சூர், என்பதன் சுருக்கம் என்று பின்னால் ஒருவர் நினைத்துவிட்டாராம். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

எனக்குப் பாசி கிடைத்தது பாம்பன் பக்கம் இருக்கும் அத்தையால். அத்தை பாசி எடுக்கப் போகிறவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் பார்த்து, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப் பை, விரல்களில் துணிச் சுற்று என்று கிளம்புவார்கள். பாறையும் சிப்பியும் விரலைக் கிழிக்கும், அதற்குத்தான் துணி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்கா ஆகிவிட்டதால் அங்கே போனால் பிரச்சினை. முந்தி போய் வந்த இடங்களை அத்தை இப்போது கரையில் நின்று கை நீட்டித்தான் காட்டுகிறார்.

முதல் நல்ல அச்சை அத்தையிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். கட்டக்கோரை என்ற பாசி அது. மிளகு மிளகாகக் காற்றுப் பை, ரம்ப விளிம்பு இலை, அடியில் பாறையைப் பிடித்திருந்த முண்டு, ஒன்று விடாமல் விழுந்திருந்தது. அத்தை தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"வேரு இருக்கு. யாரு பிடுங்குனது?"

"நான்தான் அத்தை. கடல் வத்தினப்ப, முட்டளவு தண்ணில."

"ஒடிக்கணும், புள்ள. வேரோட எடுத்துட்டா அடுத்த தடவை என்னத்தை எடுப்பே?"

தாவரவியல்படி அது வேரே இல்லை, பாறையைப் பற்றும் பிடிமானம் மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "பேரு எதுவானா என்ன, அதுல இருந்துதானே திரும்ப வருது" என்றார். ஒரு செடியை அடி முதல் நுனி வரை முழுசாகக் காட்டினால்தான் அழகு என்பது நான் படித்து வந்த புத்தி. அன்றிலிருந்து கரையில் ஒதுங்கியதை மட்டும் எடுக்கிறேன். பாதி அழுகியிருக்கும், சிக்கலில் நைலான் நூலும் வரும். அச்சில் நூலும் விழுகிறது. விழட்டும்.

அத்தை ஒடித்துக் காயவைக்கும் கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். துணியில் அச்சடிக்கும்போது சாயம் பரவாமல் இருக்க அதைச் சேர்த்துத்தான் பசையாக்குவார்கள் என்று சொன்னதும், அத்தை தன் புடவையின் பூவை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஸீன் வந்த வாரம், பழைய வேட்டிகள் ஐந்தில் பெரிதாக அச்சிட்டு, பாம்பன் பக்கம் ஒரு வலைக் கொட்டகையில் நைலான் கயிற்றில் தொங்கவிட்டேன். கலைக்கூடத்தில் இதை நிறுவல் கலை என்பார்கள். இங்கே வந்தவர்கள் "வேட்டி காயுது" என்றுதான் நினைத்தார்கள். கடலிலிருந்து திரும்பிய பெண்கள் உள்ளே வந்து, வெள்ளை நிழலை விரலால் தொட்டு, மரிக்கொழுந்து, பக்கோடா பாசி என்று பெயர் சொல்லிக்கொண்டே போனார்கள். மூன்றாவது வேட்டியில் நின்றுவிட்டார்கள். நான் மரிக்கொழுந்து என்று எழுதியிருந்தது கஞ்சிப்பாசியாம். கரித்துண்டால் அங்கேயே அடித்துத் திருத்தினேன். நாற்பது ஸீனிலும் அதே தப்பு. இரவெல்லாம் உட்கார்ந்து பேனாவால் திருத்தினேன்.

அலசும்போது கோளாறாகி, திட்டுத் திட்டாக வந்த ஆறாவது வேட்டி ஒன்று பையில் இருந்தது. அத்தை எடுத்து, கேட்காமலே நாடா நாடாவாகக் கிழித்து, விரலில் சுற்றிப் பார்த்து, "பழசு, நல்லா மெத்துனு இருக்கு" என்றார்.

பத்து நாள் கழித்துப் போனேன். கொடியில் நாடாக்கள் காய்ந்துகொண்டிருந்தன. கடலும் தினமும் துவைத்த சோப்பும் நீலத்தைத் தின்று முடித்திருந்தன. இரும்பின் வெளிர் மஞ்சள் மட்டும் பாக்கி, மடிப்புகளில் மட்டும் இன்னும் கொஞ்சம் நீலம். அடுத்த இதழுக்கு அதில் நான்கைத் தர முடியுமா என்று கேட்டேன்.

"அப்ப எனக்கு வேற துணி கிழிச்சுத் தா" என்றார் அத்தை.