விளக்கு அணையாவிட்டால்?

விமானத்தில் சீட் பெல்ட் விளக்கு எரியும்போது பயணிக்குச் சூடாக எதுவும் கொடுக்கக் கூடாது. டீ, காபி, வெந்நீர், எதுவுமே. விமானப் பணிப்பெண் பயிற்சியின் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிடுவேன். இதில் வாதாட இடமே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பிறகு எதற்கு இதை எழுத உட்கார்ந்தாய் என்றால், என்னிடம் படித்த ஒரு பெண் வாதாடியது இந்த விதியைப் பற்றி மட்டும் அல்ல.

மேல் குன்னூரில் நான் சொல்லிக்கொடுக்கும் நிலையத்தில் விமானம் கிடையாது. நாற்காலிகளை மூன்று மூன்றாகப் போட்டு நடுவில் ஓர் ஆள் நடக்க வழி விட்டால் அதுதான் விமானம். ஜன்னலுக்கு வெளியே மேகத்துக்கு மட்டும் பஞ்சமில்லை என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். அன்று கடைசி வரிசையில் நான் எழுபது வயதுப் பாட்டி. மாத்திரை போட வேண்டும், தொண்டை வறண்டுவிட்டது, கொஞ்சம் வெந்நீர் வேண்டும். சுவரில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறது. விளக்கு எரிகிறது என்று அர்த்தம்.

முதலில் வந்த பெண் சரியாகச் செய்தாள். முழங்காலை மடக்கி என் கண்மட்டத்துக்கு இறங்கி, "மன்னிக்க வேண்டும் அம்மா, விளக்கு அணைந்ததும் முதலில் உங்களுக்குத்தான் கொண்டு வருவேன்" என்றாள். நான் எழுதிக்கொடுத்த வாக்கியம். முழு மதிப்பெண்.

அடுத்து வந்தவள் கூடலூர்ப் பக்கம் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். நான் கேட்டு முடிப்பதற்குள் "இதோ பாட்டி" என்று திரும்பிவிட்டாள். சிவப்புக் காகிதத்தைக் காட்டினேன்.

"அரைக் கோப்பைதானே மேடம், மூடி போட்டு எடுத்து வருவேன்."

"குலுக்கலில் நீ விழுந்தால்?"

"என் மேல்தானே கொட்டும்?"

"உன் மேல் கொட்டினால் விமானத்தில் ஓர் ஆள் குறைந்துபோகும். தீப்பிடித்தால் உன் பங்குக்கு ஐம்பது பேரை யார் இறக்குவது?"

அதற்கு அவள் பேசவில்லை. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். சரியான பதிலைச் சொல்லச் சொன்னேன். பிசகாமல் ஒப்பித்தாள். ஒப்பித்துவிட்டுக் கேட்டாள்: "விளக்கு அணையாவிட்டால் மேடம்?"

"அணையாவிட்டால் கோயம்புத்தூரில் இறங்கிவிடுவோம்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"அது தெரிந்தே, முதலில் உங்களுக்குத்தான் என்று எதற்குச் சொல்ல வேண்டும்?"

"அடுத்த ஆள் வரலாம்" என்றேன்.

ஐம்பது பேர் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் பணிக்குழுவே அமைகிறது. 180 இருக்கை விமானம் என்றால் நால்வர். பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி 90 நொடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான வகைக்குச் சான்றிதழே கிடைக்கும். அந்த 90 நொடிக்காகத்தான் எங்களை ஏற்றுகிறார்கள். மீதி நேரத்தில் டீ கொடுக்கிறோம். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் குலுங்கியபோது, 5 நொடிகூட ஆகாத நேரத்தில் 178 அடி இறங்கியது. ஒருவர் இறந்தார், பலருக்கு அடிபட்டது. விளக்கு எரியும்போது சுடுபானத்தை ஏற்கெனவே நிறுத்தி வந்த அந்த நிறுவனம், அதற்குப் பிறகு அந்த நேரத்தில் சாப்பாடு கொடுப்பதையும் நிறுத்தியது. அரைக் கோப்பை வெந்நீர் அரைக் கோப்பை வெந்நீராகவே இருக்கும் என்பது தரையில் நிற்பவர்களின் நம்பிக்கை.

ஆக, வெந்நீர் விஷயத்தில் நான் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

அந்த வாக்கியம்தான் உறுத்துகிறது. சென்னையிலிருந்து கோயம்புத்தூர் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் போக, டிராலியை வெளியே எடுத்து உள்ளே தள்ள அரை மணி கிடைத்தால் அதிர்ஷ்டம். எகானமியில் 150 பேர், இரண்டு டிராலி. ஒருவருக்கு 24 நொடி. அதில் ஒருவர் சில்லறை தேடுவார், ஒருவர் சர்க்கரை இல்லாத காபி கேட்டுவிட்டுச் சர்க்கரை எங்கே என்பார். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. பாதி வரிசை முடிவதற்குள் விளக்கு எரிந்துவிடும். பல நாள் அது தரை இறங்கும் வரை அணையாது. டிராலி முன்னாலிருந்து பின்னால் போவதால் பின்வரிசைக்காரர்களுக்கு எப்போதும் அதே கதி. அவர்களிடம்தான் "விளக்கு அணைந்ததும் முதலில் உங்களுக்கு" என்று குனிந்து, கண்ணைப் பார்த்து, புன்னகையோடு சொல்லியிருக்கிறேன். நீட்டிய கால் முன் இருக்கையில் இடிக்க உட்கார்ந்திருப்பவர் தலையாட்டுவார். நம்பித்தான் தலையாட்டுவார்.

அவர் தொண்டை வறள்வதும் பாசாங்கு இல்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம், எவ்வளவு குறைந்தாலும், 8,000 அடி மலையில் இருப்பதுபோல் இருக்கும். ஊட்டியே 7,350 அடி. அழுத்தம் ஊட்டிக்குப் பக்கத்தில். ஆனால் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. மஞ்சூர் மூடுபனியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பதுதான் கடினம். விமானத்து டீ ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கும்போதும் இதைத்தான் சொல்வேன்; வறண்ட மூக்குக்கு மணம் தெரியாது. இங்கே யாருக்கும் அந்தச் சமாதானம் போதாது, அது வேறு கதை.

பொய் என்று அந்த வாக்கியத்தைச் சொல்ல மாட்டேன். விளக்கு அணையலாம். அணைந்த நாட்களில் நினைவு வைத்துக்கொண்டு முதல் கோப்பையை அந்த இருக்கைக்கே கொண்டுபோயிருக்கிறேன். பயணி தூங்கியிருந்தால்கூட ஒரு முறை போய்ப் பார்ப்பேன். எகானமியில் நல்ல சேவை என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்: இருக்கை எண்ணை மறக்காமல் இருப்பது. அந்த 24 நொடிக்குள் வேறென்ன செய்துவிட முடியும்? முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொன்னால் அந்தப் பாட்டிக்கு ஒரு மணி நேரமும் அந்தச் சொல்தான் காதில் நிற்கும். இப்படியெல்லாம் வகுப்பில் அவளுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது இன்னொன்று.

விலை கூடிய பிசினஸ் வகுப்பான முன் கேபினில் 12 பேருக்குப் பணியாள் ஒருவர். பின்னால் நாங்கள் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருக்கும்போது, அதே விளக்கின் கீழ், திரைக்கு அந்தப் பக்கம் கோப்பையும் சாஸரும் போனதைப் பார்த்திருக்கிறேன். மூத்தவர் எடுத்துப் போனார். லேசான குலுக்கல்தான், தெரிந்த பயணி, ஒன்றும் ஆகவில்லை. நான் பேசவில்லை, பேசும் இடத்தில் நான் இல்லை. அவள் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதை அன்று முதல் விதவிதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். விதியை மீறியவர் செய்தது தவறு, அதனால் விதி தவறாகிவிடாது. சரிதான். ஆனால் முன்னால் "முடியும்" என்று ஆகிற ஒன்று பின்னால் "விளக்கு அணைந்ததும்" என்று ஆகும்போது, அங்கே எது பாதுகாப்பு, எது டிக்கெட் விலை?

கோயம்புத்தூர் நேர்காணலுக்கு அனுப்பும் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே, "இரக்கத்துக்காக விதியைத் தளர்த்தக்கூடியவர்" என்று எழுதினேன். அவளை அனுப்பவில்லை. குறிப்பில் இருப்பது வெந்நீர் சம்பவம் மட்டும். என்னைத் தைத்தது அதற்குப் பிறகு வந்த கேள்வி. கேள்விக்கான கோபத்தை வெந்நீரின் பேரில் தீர்த்துக்கொண்டேனா என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். இல்லை என்றுதான் ஒவ்வொரு முறையும் முடிக்கிறேன். திரும்பி "இதோ பாட்டி" என்று போன கால்கள் நிஜ விமானத்திலும் அப்படித்தான் போகும். தைக்கும் கேள்வி கேட்டாள் என்பதற்காக அதைக் கண்டுகொள்ளாமல் விட முடியுமா?

முழு மதிப்பெண் வாங்கியவள் இப்போது பறக்கிறாள். தீபாவளிக்கு எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: "நீங்கள் சொல்லிக்கொடுத்த மூன்று வாக்கியத்திலேயே நாள் ஓடிவிடுகிறது மேடம்." நன்றிக்காகத்தான் அனுப்பினாள். ஒரு பூவைப் போட்டுப் பதில் அனுப்பினேன்.

அடுத்த குழுவுக்கு வாக்கியத்தை மாற்றிப் பார்த்தேன். "இப்போது தர முடியாது அம்மா, இறங்கும் வரை முடியாமலே போகலாம், தண்ணீர் பாட்டில் இருக்கிறதா பாருங்கள்" என்று சொல்ல வைத்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. நிலையத் தலைவர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, நேர்காணலில் இப்படிச் சொன்னால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். அவர் சொல்வதும் உண்மை. இப்போது பழைய வாக்கியத்தையே சொல்லிக்கொடுக்கிறேன். விளக்கு அணையாது என்று தெரிந்தால் "முதலில்" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சேர்த்துச் சொல்கிறேன். அதனால் என்ன பெரிய வித்தியாசம் என்று யாரும் கேட்கவில்லை.

கோத்தகிரியில் ஒரு விடுதி மேலாளர் போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். நான் நேர்காணலுக்கு அனுப்பாதவள் அங்கே விண்ணப்பித்திருக்கிறாள், எப்படிப்பட்ட பெண் என்று கேட்டார். "யாராவது ஏதாவது கேட்டால் நிற்கவே மாட்டாள், எடுத்து வந்துவிடுவாள்" என்றேன். அவருக்கு ஒரே மகிழ்ச்சி. அப்படிப்பட்ட ஆட்கள்தான் கிடைப்பதில்லை, உங்களிடம் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்றார். இந்தக் குழு அக்டோபரில் முடிகிறது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.